அழகனுக்கு ஒரு பித்தளைத் தகடு

கனடாவிலும் கொழும்பிலும் இருக்கிற பழைய மாணவர்களுக்குத் திடீரென்று கல்லூரி மேல் பாசம் பொங்கினால் ஊரில் இருப்பவர்களுக்கு வேலை கூடிவிடும். போன வருடம் அவர்களுக்கு வாசலில் ஒரு வளைவு வேண்டியிருந்தது. இந்த வருடம் புகழ் மண்டபம். வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் அப்படி ஒன்று இருக்கிறதாம். அந்தக் காலத்தில் ஓடியவர்கள், பாய்ந்தவர்கள், அவர்களை ஓடவும் பாயவும் வைத்த அதிபர்கள், எல்லோருடைய படத்தையும் பேரையும் வைத்துக் கௌரவிப்பார்களாம். கல்லூரி என்று பேர் வைத்த நம் பள்ளிக்கூடத்தில் மண்டபம் கட்ட இடம் ஏது? பிரதான மண்டபத்துக்குப் போகிற நடையில் ஒரு சுவரைச் சுரண்டி, வெள்ளையடித்து, பித்தளைத் தகடுகளை அறைந்துவிடலாம் என்று முடிவாயிற்று. பேர் மட்டும் புகழ் மண்டபம்தான்.

முதல் வருடம் நிர்வாகிகளில் ஒருவர், விளையாட்டு வீரர்களில் ஒருவர் என்று வைத்துக்கொண்டார்கள். நிர்வாகி யார் என்பதில் பேச்சே எழவில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து விளையாட்டு ஆசிரியராக வந்து, உப அதிபராகி, கடைசியில் அதிபராகவே ஓய்வு பெற்ற துரைராசா சேர்தான். ஊருக்குத் திரும்பாமல் பக்கத்து நுவரெலியாவிலேயே தங்கிவிட்ட மனிதர். விளையாட்டு வீரர் யார் என்று இப்போதைய அதிபர் இராஜகுமாரி கேட்டபோது தெரிவுக் குழுவில் இருந்த நாலு பேரும் ஒரே குரலில் சொன்னார்கள்: "அழகன்."

ஐந்தாவது ஆள் பிரதாப். கல்லூரியின் உப அதிபர், விளையாட்டுப் பொறுப்பும் அவனுடையதுதான். அவன் வாயைத் திறக்கவில்லை.

"ஒருத்தருக்கு விருப்பம் இல்லைன்னாலும் பேர் நிக்காது. அப்பிடித்தானே பேசி வச்சிருக்கோம். என்னா சேர், உங்களுக்குச் சம்மதம்தானே?" என்று அதிபர் கேட்டார்.

"யோசிச்சுச் சொல்றேன் மேடம்," என்றான் பிரதாப்.

மற்ற நாலு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பார்வைக்கு அர்த்தம் கேட்க வேண்டிய அவசியம் பிரதாப்புக்கு இல்லை. அழகன் முதலாவதாக வந்த அந்த மரதன் ஓட்டத்தில் இரண்டாவதாக வந்தவன் அவன்தான்.

அது நடந்து இருபத்தெட்டு வருடம் ஆகிறது. மரதன் என்று பேர்தான், தூரம் அவ்வளவு இல்லை. கல்லூரி வாசலில் தொடங்கி, பஸ் ரோட்டால் போய், கிளென்டோர் தோட்டத்துக்குள் நுழைந்து, ஸ்டோர் என்று எல்லோரும் சொல்கிற தேயிலைத் தொழிற்சாலையைத் தாண்டி, மேற்பிரிவு மடுவம் வரை ஏற வேண்டும். பெண்கள் கொழுந்து நிறுக்கிற அந்தக் கொட்டகையில் ஒரு ஆள் ஊதா மையோடு நிற்பார். புறங்கையில் மை வாங்கிக்கொண்டு மறுபக்கமாக இறங்கி, ஸ்டோரடியில் வந்து சேர்ந்து, கல்லூரிக்குத் திரும்ப வேண்டும். தோட்டத்து ரோடு மலையைச் சுற்றிச் சுற்றி ஏறும், சுற்றிச் சுற்றி இறங்கும். ஊடே தேயிலைக்குள் குறுக்குப் பாதைகள் படிபோல் வெட்டிக் கிடக்கும்.

பிரதாப், தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்குகிற பெரிய கணக்கப்பிள்ளையின் மகன். தோட்டத்து ரோட்டோரத்தில் பூச்சட்டி வைத்த குவார்ட்டர்ஸ் வீடு. காலில் வெள்ளை கென்வஸ் ஷூ. அழகன் லயத்துப் பையன், தொழிலாளர்களின் வரிசை வீடுகளிலிருந்து வந்தவன், வெறுங்கால். ஸ்டோர் வரை இரண்டு பேரும்தான் முன்னால். அதற்கு மேல் பனி இறங்கிவிட்டது. மலைநாட்டுப் பனிக்கு நேரம் காலம் கிடையாது, இறங்கினால் இறங்கியதுதான். ரோடு வளைந்து திரும்புகிற மூன்றாவது முடுக்கு வரை அழகனுடைய வெள்ளை பெனியன் முன்னால் தெரிந்தது. முடுக்கில் திரும்பிய பிறகு அதைக் காணவில்லை. மடுவத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது மைக்காரர், "ஒருத்தன் வந்துட்டுப் போயிட்டான் தம்பி, நீதான் ரெண்டாவது," என்றார். இறங்கும்போதும் முன்னால் ஆள் இல்லை. பின்னாலும் ஒரு காலடிச் சத்தம் கிடையாது. மற்றவர்களை இவ்வளவு தூரம் பின்னால் தள்ளிவிட்டேனே என்று அந்த நேரத்திலும் அவனுக்கு ஒரு பெருமை. ஸ்டோரடியில் திரும்பிப் பார்த்தால் மூன்றாவது ஆள் கூப்பிடு தூரத்தில் வந்துகொண்டிருந்தான். இவன் எப்படி இவ்வளவு கிட்ட வந்தான் என்று யோசிக்க மூச்சு இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு ஓடி இரண்டாவதாக வந்து விழுந்தான். அழகன் அதற்கு வெகுநேரம் முன்பே வந்து, யாரோ கொடுத்த குளுக்கோஸ் தண்ணீரைக் குடித்துவிட்டு உட்கார்ந்திருந்தான்.

பரிசு கொடுக்கும்போதுதான் பிரதாப் அதைப் பார்த்தான். அழகனின் முழங்காலுக்குக் கீழே முழுக்கக் கீறல். தேயிலைச் செடி கீறினால் எப்படியிருக்கும் என்று மலையகத்தில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். குறுக்கால் போயிருக்கிறான். திருட்டு ஓட்டம்.

வீட்டில் சொன்னான். அப்பா சாப்பாட்டுத் தட்டிலிருந்து நிமிராமல், "கணக்கப்பிள்ளை மகன் தோத்துப்போயிட்டு லயத்துப் பையன் மேல குத்தம் சொல்றான்னு தோட்டமே சிரிக்கும். பேசாம இரு," என்றார். பேசாமல் இருந்தான். இருபத்தெட்டு வருடம் பேசாமல் இருந்தான் என்று சொல்ல வேண்டும், மனைவி சர்மிளாவிடம் மட்டும் பேசினான். கல்யாணமான புதிதில் ஒருதரம், பிறகு ஒவ்வொரு வருடமும் விளையாட்டுப் போட்டி நெருங்கும்போது ஒருதரம். அவளுக்குக் கீறல்களின் நீளம்கூட மனப்பாடம்.

இதில் பெரிய கொடுமை என்னவென்றால், அழகன் அன்றைக்கு ஓடிய நேரம் இன்றும் கல்லூரிச் சாதனை. ஒருவரும் முறியடிக்கவில்லை, கிட்டவும் போகவில்லை. வருடா வருடம் முடிவுக் கோட்டில் கடிகாரத்தோடு நிற்பவன் பிரதாப். மாகாணத்துக்கு ஓடிய பிள்ளைகள், தேசிய மட்டத்துக்குப் போன பிள்ளைகள், நெஞ்சு வெடிக்க ஓடிவந்து, "சேர், ரெக்கோட்?" என்று கேட்பார்கள். இல்லை என்று தலையாட்டித் தலையாட்டி அவன் கழுத்துத்தான் தேய்ந்தது. வெறுங்காலோடு லயத்திலிருந்து வந்த ஒருவன், ஒரு பயிற்சியும் இல்லாமல், அப்படி ஓடியிருக்க முடியுமா? இப்போது அந்தத் திருட்டுக்குப் பித்தளைத் தகடு வேறு. அதற்கு இவன் கையைத் தூக்க வேண்டும்.

தூக்க மாட்டேன் என்று சொல்வது சுலபம். சொன்னால் அடுத்த கேள்வி, "அப்ப யார் பேர் போடுறது?" என்று வரும். ஆதாரம் இல்லாமல் வாயைத் திறக்கக்கூடாது என்று பிரதாப் தீர்மானித்தான். சனிக்கிழமை நுவரெலியாவுக்குப் பஸ் ஏறினான்.

துரைராசா சேர் கம்பளித் தொப்பியும் மப்ளருமாக முன்னறையில் உட்கார்ந்து ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார். விழாவில் பேசப்போகிற பேச்சை ஒத்திகை பார்க்கிறார் என்று பிரதாப்புக்குப் புரிந்தது.

"வாரும் பிரதாப், இரும். என்ன, முகம் ஒரு மாதிரிக் கிடக்கு?"

சுகம் விசாரித்து, தேநீர் வந்து, மரக்கறி விலை பேசி, மழை பேசி முடிந்தபிறகு பிரதாப் விஷயத்துக்கு வந்தான். "சேர், அன்னைக்கு மரதன்ல அழகன் குறுக்கால போனானா? உங்களுக்கு ஏதாவது தெரியுமா?"

மனிதர் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பினார். ஜன்னலுக்கு வெளியே பார்க்க ஒன்றும் இல்லை, பக்கத்து வீட்டுச் சுவர்தான்.

"உந்தக் கதையை ஏன் இப்ப கிண்டுறீர்?"

"கிண்டவெல்லாம் இல்ல சேர். குழுவில நானும் இருக்கேன். கேக்கணும்ல."

"பெடியள் ஓடினவங்கள். ஒருத்தன் முதலாவதா வந்து வெண்டவன். அவ்வளவுதான். உம்மட பேரைப் போடச் சொல்லுறீரோ?"

பிரதாப்புக்குக் கன்னத்தில் அறைந்தது போலிருந்தது. "இல்ல சேர்," என்றான்.

"அப்ப விடும். நான் இத்தனை வருசம் விட்டனான், நீரும் விடும்."

இத்தனை வருடம் எதை விட்டார்? ஒன்றும் நடக்காவிட்டால் விடுவதற்கு என்ன இருக்கிறது? திரும்பி வருகிற பஸ்ஸில் பிரதாப்பின் மண்டைக்குள் அந்தக் கேள்வி கிடந்து உருண்டது. நானுஓயா வருவதற்குள் அவன் ஒரு முழுச் சதியையே கட்டி எழுப்பிவிட்டான். அழகன் ஜெயித்த பிறகு கொழும்புப் பத்திரிகை ஒன்றில் படம் வந்தது ஞாபகம் வந்தது. லயத்திலிருந்து ஒரு மரதன் வீரன் என்று தலைப்பு, பக்கத்தில் துரைராசா சேர் கைகட்டி நின்றார். அதற்கு அடுத்த வருடம்தான் அவர் உப அதிபரானார். ஆக, இது மாணவனும் ஆசிரியரும் சேர்ந்து ஆடிய நாடகம். ஒருவருக்கு வெற்றி, மற்றவருக்குப் பதவி. இப்போது இரண்டு பேருக்கும் ஒரே மேடையில் பொன்னாடை. பொருந்தாத இடமே இல்லை. சந்தேகப்பட உட்கார்ந்துவிட்டால் பிரதாப்பை மிஞ்ச அந்த மாவட்டத்தில் ஆள் கிடையாது.

அழகன் நானுஓயா ரயில் நிலையத்துக்கு முன்னால் ஆட்டோ ஓட்டுகிறான். கொழும்பு ரயில் வந்தால் சுற்றுலாக்காரர்களை நுவரெலியாவுக்கு ஏற்றிப் போவான். பிரதாப் பஸ்ஸிலிருந்து அங்கேயே இறங்கிப் போய் நின்றபோது ரயில் தாமதம், ஆட்டோக்கள் வரிசையாகத் தூங்கிக்கொண்டிருந்தன. ஒரே வகுப்பில் படித்தவர்கள்தான், ஆனாலும் அழகன் எழுந்து நின்று "வாங்க சேர்" என்றான். அந்தச் சேர் பிரதாப்புக்குப் பழகிவிட்டது, மறுத்துச் சொல்லத் தோன்றுவதில்லை.

"காயிதம் வந்திச்சு சேர். என் பேரும் பேச்சுல இருக்காம், சரின்னா பொன்னாடை போர்த்துவாங்களாம். நான் வரல."

"ஏன்?"

"யாரு சேர் இதுக்குப் பின்னால? எலக்‌ஷன் ஏதும் வருதா? அந்தக் கொழும்புப் பழைய மாணவர் சங்கத் தலைவர் நிக்கப் போறாரா?" அழகன் குரலைத் தாழ்த்தினான். "முன்ன ஒருக்கா வீடு குடுக்கிறோம்னு கூட்டிக்கிட்டுப் போயி, சாவிய கையில குடுத்து போட்டோ புடிச்சாங்க. அப்புறம் சாவிய வாங்கிக்கிட்டாங்க. போட்டோ மட்டும் ஊட்டுல இருக்கு. இத்தன வருஷமா என்னைய ஒருத்தரும் தேடல. இப்ப திடீர்னு எதுக்குத் தேடுறாங்க?"

ஆக, இவனுக்கும் சந்தேகம். பிரதாப்புக்கு இதுவே ஒரு சந்தேகமாகப் போய்விட்டது. நேர்மையாக ஜெயித்தவன் எதற்காக வர மறுக்க வேண்டும்?

மழை தூறத் தொடங்கியது. "ரயிலு இப்ப வராது, வாங்க ஊட்டுக்கு, பிளேன்டீ குடிச்சிக்கிட்டுப் பேசுவோம்," என்று அழகன் ஆட்டோவைத் திருப்பினான்.

ஸ்டேஷனுக்கு மேலே தகரக் கூரை போட்ட இரண்டு அறை வீடு. அழகனின் மனைவி வீரம்மா உப அதிபரைக் கண்டதும் கதிரையைத் துடைத்துப் போட்டாள். இஞ்சி தட்டிப் போட்டு, பால் விடாத பிளேன்டீயும் ஒரு துண்டு கருப்பட்டியும் வந்தன. கூரையில் மழை கொட்டிய சத்தத்தில் குரலை உயர்த்திப் பேசவேண்டியிருந்தது. இருபத்தெட்டு வருடக் கேள்வியைக் கத்திக் கேட்பது பிரதாப்புக்குக் கூச்சமாக இருந்தது, ஆனாலும் கேட்டான்.

"அழகன், மறைக்காம சொல்லு. அன்னைக்கு மரதன்ல நீ குறுக்கால போனியா?"

"ஆமா சேர்," என்றான் அழகன்.

அவ்வளவு சுலபமாகச் சொல்வான் என்று பிரதாப் எதிர்பார்க்கவில்லை. கோபப்படுவான், சத்தியம் பண்ணுவான், கடைசியில் அழுவான் என்றெல்லாம் கற்பனை பண்ணி வைத்திருந்தது வீணாயிற்று. கோப்பையைக் கீழே வைத்துவிட்டு அவன் முகத்தையே பார்த்தான்.

"என்னா சேர் இப்பிடிப் பாக்குறீங்க? எல்லாரும் குறுக்காலதானே போனோம்."

"எல்லாரும்னா?"

"எல்லாரும்தான். நீங்க ஒருத்தர்தான் ரோட்டால போனீங்க."

மழைச் சத்தத்தில் தவறாகக் கேட்டுவிட்டதோ என்று பிரதாப் முன்னால் குனிந்தான். அழகன் இன்னும் சத்தமாகச் சொன்னான். "தொடங்குறதுக்கு முன்னால தொரைராசா சேர் என்னா சொன்னாரு? மேப்பிரிவு மடுவத்துக்குப் போயி மை வாங்கிக்கிட்டு, அந்தப் பக்கமா எறங்கி வாங்கடான்னாரு. ரோட்டாலதான் போகணும்னு சொன்னாரா? மடுவத்துக்கு யாரு சேர் ரோட்டால போவா? எங்கம்மா கொழுந்துக் கூடையோட குறுக்கால ஏறும். நாங்க ஸ்கூலுக்குக் குறுக்கால எறங்குவோம். பொணத்தக்கூட குறுக்காலதான் தூக்கிட்டுப் போறது. ரோடு லொறிக்கும் தொரைக்கும்."

"எல்லாப் பையன்களுமா?"

"முப்பது பேருக்கு மேல ஓடினோம், அத்தன பேரும். மூணாவது முடுக்குல எல்லாரும் தேயிலைக்குள்ள எறங்கிட்டோம். நீங்க மட்டும் நேரா போனதப் பின்னால வந்தவனுங்க பாத்திருக்கானுங்க. எங்களுக்கு ஒண்ணும் வெளங்கல. ஓட்டம் முடிஞ்ச பொறகு, இவன் ஏன் சுத்திப் போனான்னு பழனியாண்டி கேட்டான். ஷூ அழுக்காயிரும்னு பயமோன்னு ஒருத்தன் சொன்னான். நான், தேயிலைக்குள்ள எறங்கினா கணக்கப்பிள்ளையாரு அடிப்பாருடான்னு சொன்னேன்." அழகன் சிரித்தான். "நீங்க சுத்திப் போயும் ரெண்டாவதா வந்தீங்க பாருங்க. பேயி மாதிரி ஓடியிருக்கான்னு ராத்திரி பூரா லயத்துல அதான் பேச்சு. உங்களுக்கு இது தெரியாதுங்கிறது எனக்கு இப்பத்தான் சேர் தெரியும்."

துரைராசா சேர் யாழ்ப்பாணத்துக்காரர். போகிற வழி என்றால் அவருக்கு ரோடுதான், அதைத் தனியாகச் சொல்லவேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. லயத்துப் பிள்ளைகளுக்கு வழி என்றால் குறுக்கு, அதைத் தனியாகக் கேட்கவேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை. இரண்டுக்கும் நடுவே கென்வஸ் ஷூவோடு ஒருவன் மலையைச் சுற்றி ஓடியிருக்கிறான். பின்னால் காலடிச் சத்தம் கேட்காமல் போனதற்குக் காரணம், அந்த ரோட்டில் ஓடியவனே அவன் ஒருவன்தான்.

அடுத்த வருடத்திலிருந்து ஒவ்வொரு முடுக்கிலும் கொடியோடு மாணவர் நிற்பது வழக்கமாயிற்று. லொறி வரும், பிள்ளைகளுக்கு ஆபத்து என்று பிரதாப் நினைத்துக்கொண்டிருந்தான். இப்போது உப அதிபரான பிறகு அவனே வருடா வருடம் கொடி கொடுத்து ஆளை நிறுத்துகிறான். அந்தக் கொடிகள் எதற்கு வந்தன என்று இன்றைக்குத்தான் புரிந்தது. சாதனை ஏன் முறியவில்லை என்பதும் புரிந்தது. துரைராசா சேருக்கு அன்றைக்கே தெரிந்திருக்கிறது. முப்பது பிள்ளைகளைத் தள்ளிவிட்டு, கணக்கப்பிள்ளை மகன் ஒருவனுக்கு மட்டும் கோப்பையைக் கொடுக்க அவருக்கு மனம் வரவில்லையோ, தைரியம் வரவில்லையோ.

பிரதாப்புக்குக் கோபம் வரவில்லை. வந்தது சந்தோஷம். நெஞ்சு நிறைய, வெட்கப்படும் அளவுக்குச் சந்தோஷம். குறுக்கால் போன முப்பது பேரை ரோட்டால் ஓடித் தோற்கடித்தவன் அவன். ஒருவனிடம் மட்டும்தான் தோற்றான், அதுவும் மலையைச் சுற்றி ஓடி. இதற்கு மேல் என்ன பரிசு வேண்டும்? எதிரே உட்கார்ந்திருந்த மனிதன் திருடன் இல்லை என்பதும் அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. அழகன் சொன்னபடிதான் ஓடினான், தனக்குத் தெரிந்த வழியால் ஓடினான். அவனை இத்தனை வருடம் மனதுக்குள் கூண்டில் நிறுத்தி வைத்திருந்ததை நினைக்க அசிங்கமாக இருந்தது.

"நீ விழாவுக்கு வா," என்றான் எழும்பும்போது. "யாரும் எலக்‌ஷன் கேக்கல, ஒண்ணும் கேக்கல. மரியாதையா குடுக்கிறாங்க, மரியாதையா வாங்கிக்க. நாம பேசினதை யார்கிட்டயும் சொல்ல வேணாம். அது நமக்குள்ள இருக்கட்டும்."

அழகன் அவனைக் கொஞ்சநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "சரிங்க சேர்," என்றான்.

அடுத்த கூட்டத்தில் பிரதாப் முதல் ஆளாகக் கையைத் தூக்கினான். "யோசிச்சு முடிச்சிட்டீங்களா?" என்று அதிபர் இராஜகுமாரி கேட்டதில் ஒரு குத்தல் இருந்தது, அவன் சிரித்துக்கொண்டான். சர்மிளாவிடமும் சொல்லவில்லை. சொன்னால் கரைந்துவிடும் என்பதுபோல அந்தச் சந்தோஷத்தைப் பொத்திப் பொத்தி வைத்துக்கொண்டான். குளிக்கும்போது பாட்டு வந்தது. கணவனுக்கு என்ன ஆயிற்று என்று அவள் ஓரக்கண்ணால் பார்த்தாள்.

விழாவன்று மண்டபம் நிறைந்து வழிந்தது. கொழும்பிலிருந்து வான் வைத்துக்கொண்டு வந்திருந்தார்கள். கனடாக்காரர்கள் பார்க்க ஒரு கேமரா வேறு. துரைராசா சேர் ரோஜா மாலையோடு மேடையில் உட்கார்ந்திருந்தார். அவருடைய பேச்சு நீண்டது, ஒழுக்கத்தைப் பற்றியும் நேர்மையைப் பற்றியும் நிறையச் சொன்னார். அழகன் மகனுடைய வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்திருந்தான், கழுத்துப் பித்தான் பூட்டவில்லை. பொன்னாடை போர்த்தியபோது பிரதாப் முன்வரிசையில் எழுந்து நின்று கை தட்டினான். இருபத்தெட்டு வருடத்தில் முதல்முறையாக அவனுக்காக மனதாரத் தட்டினான்.

"ரெண்டு வார்த்தை பேசுங்க," என்று அதிபர் ஒலிவாங்கியை நீட்டினார். அழகன் வாங்கிக்கொண்டான்.

"எல்லாருக்கும் வணக்கம். எனக்குப் பேச வராது. ஒண்ணு மட்டும் சொல்லிர்றேன். நாளைக்கு எவனாவது வந்து இவன் கள்ள ஓட்டம் ஓடினான்னு சொல்லி, இந்தத் தகட்டக் கழட்டக்கூடாது பாருங்க. நான் அன்னைக்குக் குறுக்காலதான் ஓடினேன். ரோட்டால ஓடினது பிரதாப் சேர்தான். நாயமாப் பாத்தா மொதலாவது அவருதான்."

அழகன் ஒலிவாங்கியை மறு கைக்கு மாற்றிக்கொண்டான்.

"நானா சொல்லியிருக்க மாட்டேன், எனக்கு இதெல்லாம் ஞாபகமே இல்ல. பிரதாப் சேர்தான் ஊட்டுக்கே வந்து, குறுக்கால போனியான்னு கேட்டாரு. வந்ததை யார்கிட்டயும் சொல்லாதன்னு சொன்னாரு. ஆனா சொல்றதுதான் நல்லதுன்னு எனக்குப் பட்டிச்சு. பெரியவங்க கோவிச்சுக்கக் கூடாது."

கும்பிட்டுவிட்டு ஒலிவாங்கியைத் திருப்பிக் கொடுத்தான். பிரதாப்பைப் பார்த்து ஒரு சிரிப்பு வேறு சிரித்தான், நண்பனுக்கு ஒரு நல்ல காரியம் செய்த சிரிப்பு.

அதிபர் இராஜகுமாரிக்குச் சமாளிக்கத் தெரியும். "பாத்தீங்களா, எவ்வளவு பணிவு. சாதனை பண்ணினவங்க எப்பவும் இப்படித்தான்," என்றார். அவ்வளவுதான், கைதட்டல் கூரையைத் தூக்கியது. மண்டபம் முழுவதும் எழுந்து நின்றது, அழகனுக்காக. நின்றவர்கள் கை தட்டிக்கொண்டே முன்வரிசைப் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். பின்னால் யாரோ, "ரெண்டாவது வந்தவரு இவருதானே? ஊட்டுக்கே போயி எழுதி வாங்காத கொறதான்," என்று சொன்னது பிரதாப்புக்குத் தெளிவாகக் கேட்டது.

தேநீர் மேசையடியில் அவன் போன பக்கமெல்லாம் இடம் விரிந்து கொடுத்தது. கொழும்புத் தலைவர் கை குலுக்காமல் தலையை மட்டும் அசைத்தார். துரைராசா சேர் ஒரு மூலையில் கேக் துண்டோடு நின்றார். பிரதாப் நேராக அவரிடம் போனான்.

"சேர், உங்களுக்குத் தெரியும். எல்லாரும் குறுக்கால போனது உங்களுக்கு அன்னைக்கே தெரியும்."

"தெரியும்," என்றார் அவர் மெதுவாக. "மை வாங்கின கையோட முப்பது பேரும் தேயிலை இலை ஒட்டிக்கொண்டு வந்து நிண்டவங்கள். நான் வழியைச் சொல்லாமல் விட்டது என்ர பிழை. பெடியளைத் தண்டிக்க ஏலுமோ?"

"அதை இப்ப சொல்லுங்க சேர். இவங்க முன்னால சொன்னாப் போதும். நான் அவனை மிரட்டலை, அவன் சொன்னது உண்மைன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க."

துரைராசா சேர் மண்டபத்தை ஒருதரம் சுற்றிப் பார்த்தார். அவருடைய மகள் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தாள். "இண்டைக்கோ?" என்றார். "மாலையும் கழுத்துமா நிக்கிறன், பிரதாப். ஒழுக்கத்தைப் பற்றிப் பேசிப்போட்டு வந்து நிக்கிறன். என்னைக் கேளாதையும்." அவர் கண் கலங்கியிருந்தது. அதற்கு மேல் அவரை வற்புறுத்த பிரதாப்பால் முடியவில்லை.

இரவல் வாங்கிய காரில் வீட்டுக்குப் போகும் வழியில் சர்மிளா பக்கத்து ஆசனத்தில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு வெளியே பார்த்தபடி வந்தாள். நானுஓயா சந்தி தாண்டிய பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"கேளு."

"அந்த மனுஷன என்னா சொல்லி மெரட்டினீங்க?"

பிரதாப் காரை ஓரமாக நிறுத்தினான். எல்லாவற்றையும் ஒழுங்காக, ஆரம்பத்திலிருந்து சொல்லவேண்டும் என்று நினைத்தான். துரைராசா சேர் வழி சொல்லாமல் விட்டது, மூன்றாவது முடுக்கு, முப்பது பையன்கள், கொடிகள். வாயில் வந்தது ஒன்றுதான்.

"நான் ரோட்டால ஓடினேன் சர்மிளா. நான் ஒருத்தன் மட்டும்தான் ரோட்டால ஓடினேன். மத்த எல்லாரும் குறுக்கால போயிட்டாங்க."

அது தன் காதுக்கே எப்படிக் கேட்டது என்று அவனுக்குத் தெரிந்தது. சர்மிளா அவன் முகத்தைக் கொஞ்சநேரம் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கிக்கொண்டிருப்பான். அவள் பார்வையில் இருந்தது இரக்கம்.

"எல்லாரும்?" என்றாள்.

"எல்லாரும்."

"சரிங்க," என்றாள் அவள், காய்ச்சல்காரனிடம் பேசுகிற குரலில். "வண்டிய எடுங்க. புள்ளைங்க பசியோட இருக்கும்."